வீட்டுப் பக்குவத்தை எப்படிக் கைமாற்றுவது: நோட்டா, குரல்பதிவா, வீடியோவா, அடுப்படியா?

இரண்டு மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் செய்துவரும் ஒரு பதார்த்தத்தின் பக்குவத்தை, அதாவது செய்முறையை, வெளியாள் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் புதிதாகக் கல்யாணமாகி வந்த மதினியாக இருக்கலாம், கோயம்புத்தூருக்குக் குடிபோன பழைய பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், மகளிர் குழுவில் கூட உட்காரும் அக்காவாக இருக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நோட்டில் எழுதிக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பலாம். வீடியோ எடுத்து அனுப்பலாம். அல்லது அடுப்படிக்கே வரச்சொல்லிப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுக்கலாம்.

இந்த நான்கில் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பதார்த்தத்தில் சிரமம் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அளவில் இருந்தால் எழுத்து. நிறத்திலும் பதத்திலும் இருந்தால் வீடியோ. கைக்குள் இருந்தால் நேரில். எந்த வழியாகக் கொடுத்தாலும், இன்னொரு வீட்டு அடுப்பில், இன்னொருவர் கையால் சரியாக வந்த பிறகுதான் அதைச் செய்து பார்த்த பக்குவம் என்று சொல்லலாம். நம் வீட்டில் எத்தனை வருடம் சரியாக வந்திருந்தாலும் அது நம் வீட்டுக்கு மட்டுமே சாட்சி.

இராமநாதபுரம் கடற்கரைச் சமையலுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். ஏனென்றால் இங்கே சொல்லாமலே விளங்கிக்கொள்கிற விஷயங்கள் அதிகம்.

சொல்லாமல் விட்டுப்போவது

மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் மிளகாய் என்றால் முண்டு மிளகாய். உருண்டையாக, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பாக இருக்கும். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் மானாவாரியில் விளைவது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த மிளகாயை மனதில் வைத்துக்கொண்டு "பத்து வத்தல்" என்று சொல்கிறோம். கேட்பவர் வீட்டிலோ நீட்டுச் சம்பா மிளகாய் இருக்கும், அல்லது கடையில் வாங்கிய பொடி இருக்கும். காரமும் மாறும், குழம்பின் நிறமும் கெட்டித்தன்மையும் மாறும். ஆகவே எண்ணிக்கை சொல்லக் கூடாது. எடை சொல்ல வேண்டும், வகை சொல்ல வேண்டும், கிடைக்காவிட்டால் எதைப் போடலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இதை எந்தக் குறிப்பிலும் நான் பார்த்ததே இல்லை. கடற்கரை ஊர்களில் பல வீட்டில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். சமைக்க நல்ல தண்ணீர் தனியாகப் பிடித்தோ, குடம் கணக்கில் வாங்கியோ வைத்திருப்போம். என்றைக்கு எந்தத் தண்ணீர் என்பதைப் பார்த்து உப்பைக் கூட்டிக் குறைக்கக் கை தானாகப் பழகிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் பருப்பு இறுகி நிற்கும், வேக நேரம் பிடிக்கும். அதே பருப்பைச் சிறுவாணித் தண்ணீரில் அதே நேரம் வேகவைத்தால் கரைந்துவிடும். பருப்புக்கு நேரம் எழுதுகிறவர்கள் எந்தத் தண்ணீர் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

சட்டியும் அப்படித்தான். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும், மீன் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். எங்கள் வீட்டில் மீன் முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்துவிடுவோம். அலுமினியச் சட்டியிலோ ஒட்டாத பாத்திரத்திலோ அதே மாதிரி அணைத்தால், முள்ளோடு ஒட்டிய சதை வேகாமல் நிற்கும்.

மீனைப் பற்றி நிறையவே சொல்லலாம். மண்டபம், பாம்பன் பக்கத்தில் வடகடல் மீனா, தென்கடல் மீனா என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகில் வரும் மீன்தான் சட்டிக்கு. இந்த வசதியெல்லாம் மதுரையிலோ சென்னையிலோ இருப்பவருக்கு இல்லை. ஐஸில் கிடந்த மீன் குழம்பில் விழுந்ததும் தண்ணீர் விடும். கரையில் வாங்கிய மீன் அவ்வளவு விடாது. நாம் கெட்டியாக வைத்த குழம்பு அவர்களுக்கு நீர்த்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊர் மாறினால் மீன் பெயரும் மாறிவிடுவதால், வெளியூர்க்காரருக்குப் பெயரோடு மீனின் படம் ஒன்றும் அனுப்புவது நல்லது. இந்த வேலையைக் கைப்பேசி நன்றாகச் செய்யும்.

நோட்டில் எழுதிக் கொடுப்பது

நான்கு வழியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே பார்வையில் முழுப் பக்குவமும் கண்ணில் படும். கை ஈரமாக இருந்தாலும் திறந்து வைத்துப் பார்க்கலாம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம். அடுத்தவர் ஓரத்தில் தன் குறிப்பை எழுதிச் சேர்க்கலாம். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் ஈரக்கை பட்டாலும் எளிதில் அழியாது. கடற்காற்றில் நோட்டு நமுத்துப்போகும் என்பதால் முக்கியமான பக்கங்களைப் படம் பிடித்தும் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் பழைய நோட்டை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தால் பலன் இருக்காது. அதில் இருப்பது எழுதியவர் தனக்கு வைத்துக்கொண்ட ஞாபகக் குறிப்பு. எங்கள் பக்கத்து மீன் குழம்புக் குறிப்பு ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நகரை மீன். எலுமிச்சை அளவு புளி. மிளகாய், மல்லி, சீரகம் வறுத்து அரைக்கவும். தேங்காய் கொஞ்சம். கொதித்ததும் மீன் போட்டு இறக்கவும்." தெரிந்தவருக்கு இது போதும். தெரியாதவருக்கு இதில் ஒன்றுமே இல்லை.

அதையே இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கும்படி எழுதினால் இப்படி இருக்கும். நாலு பேருக்கு. சுத்தம் செய்த நகரை மீன், தலையோடு, அரைக் கிலோ. கிடைக்காவிட்டால் விளமீனோ பாறையோ போடலாம். சின்ன வெங்காயம் 100 கிராம், தக்காளி 100 கிராம், புளி 25 கிராம். வறுத்து அரைக்க: முண்டு மிளகாய் வத்தல் 12 கிராம், மல்லி 20 கிராம், சீரகம் ஒரு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன். தனியாக அரைக்க: தேங்காய்த் துருவல் 60 கிராம். மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கல் உப்பு 12 கிராம், நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வெந்தயம் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து. புளி கரைத்த தண்ணீரையும் சேர்த்து மொத்தம் 600 மில்லி தண்ணீர்.

எண்ணெயில் வெந்தயத்தைப் போட்டுச் சிவந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயம் நன்றாகக் குழைய வதங்க வேண்டும், பிறகுதான் தக்காளி. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. புளி ஊற்றிவிட்டால் அதன் புளிப்பு வெங்காயத்தை மேற்கொண்டு மசிய விடாது. தக்காளியும் கரைந்ததும் அரைத்த மசாலா, மஞ்சள், உப்பு, புளித்தண்ணீர். நடுத்தரத் தீயில் கொதித்து, பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் தெரியத் தொடங்கும்போது தேங்காய் விழுதைச் சேர்த்து ஒரு கொதி. பிறகு மீன். மீன் விழுந்த பின் கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். மண்சட்டியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் அணைத்து மூடி வைக்கலாம். மற்றப் பாத்திரத்தில் எட்டு நிமிடம், முள்ளை ஒட்டிய சதை வெள்ளையாக மாறிவிட்டதா என்று பார்த்து அணைக்க வேண்டும். மீன் துண்டு தடிமனாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். பரிமாறும் முன் அரை மணி நேரமாவது மூடிக் கிடக்கட்டும்.

இப்படி எழுதுவதற்குப் பொறுமை வேண்டும். பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கொடுக்கிறவர் ஒரு முறை படும் இந்தச் சிரமம், வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தடுமாறுவதைத் தவிர்க்கிறது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதையும் எழுதுங்கள். மேலே சொன்ன குழம்பில் தேங்காயை விட்டுவிடலாம், அது கடலோர வீடுகளிலேயே மாறும். வெங்காயத்தைப் புளிக்கு முன் வதக்கி முடிப்பதை மாற்ற முடியாது.

முழுக்க அளவையே நம்பி நிற்கும் பதார்த்தங்களுக்கு எழுத்தைப் போல வேறு வழி இல்லை. நோன்பு மாதத்தில் பாய் வீடுகளில் செய்யும் கடல்பாசி என்ற இனிப்பு நல்ல உதாரணம். பத்து கிராம் காய்ந்த பாசி (அகர் அகர் என்பது இதுதான்), ஒரு லிட்டர் பாலோ இளநீரோ சேர்ந்த திரவம், சீனி ருசிக்கு. பாசி முழுக்கக் கரையும்வரை தண்ணீரில் கொதிக்க வேண்டும், கரைந்த பிறகுதான் மற்றதைக் கலக்க வேண்டும். சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது தானாக உறைந்துவிடும், குளிர்சாதனப் பெட்டி கட்டாயமில்லை. மறுபடி உருக வேண்டுமானால் 85 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும், அதனால் நம் வெயிலிலும் மேசைமேல் நிற்கும். இதைச் சொல்ல வீடியோ தேவையே இல்லை. இங்கே ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்தப் பாசி எடுக்கப்படும் மரிக்கொழுந்து பாசியைக் கடலில் முங்கி எடுத்துத் தருவது இந்த மாவட்டத்துப் பெண்கள்தான்.

குரல்பதிவு

எழுத வராத, அல்லது எழுத விருப்பமில்லாத அப்பத்தாக்களிடமிருந்து பக்குவம் வாங்க இதுவே சிறந்த வழி. பேனாவைக் கொடுத்தால் நாலு வரியோடு நின்றுவிடுவார்கள். பேசவிட்டால் "அந்தக் காலத்துல வெறகு அடுப்பு தாயி, தீயைக் கொஞ்சம் இழுத்து விட்டுருவோம்" என்று யாரும் கேட்க நினைக்காத ஒன்றைச் சொல்வார்கள். தீயை எந்த இடத்தில் குறைக்க வேண்டும் என்பது அப்படித்தான் நமக்குத் தெரியவருகிறது.

ஆனால் சமைக்கும்போது குரல்பதிவை வைத்துக்கொண்டு சமைக்க முடியாது. ஆறு நிமிடப் பதிவில் உப்பு எந்த இடத்தில் வந்தது என்று தேட, மாவுக் கையோடு முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். "இவ்வளவு" என்று பாட்டி சொல்லும்போது காட்டிய கை அதில் இல்லை. குழுவில் அடுத்த நாள் வரும் நூறு காலை வணக்கங்களுக்கு அடியில் பதிவு புதைந்துபோகும். போன் மாற்றும்போது பலருக்குப் பழைய பதிவுகள் போய்விடுகின்றன. ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

ஆக, குரல்பதிவை வாங்குவதற்கு வைத்துக்கொள்ளலாம், கொடுப்பதற்கு அல்ல. பெரியவர்களிடம் குரலில் வாங்கி, எழுத்தில் மாற்றி, எழுத்தைக் கொடுங்கள். குரலையும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், குடும்பத்துக்கு அது வேறு விதத்தில் விலை மதிப்பற்றது. வாட்ஸ்அப் குழு நன்றாகப் பயன்படும் இடம் கேள்வி கேட்கும் இடம்தான். "மசாலா கசக்குது, என்ன செய்ய?" என்று ஒருவர் கேட்க, "மல்லியைக் கருகவிட்டிருப்பீங்க, தேங்காய்ப்பால் கொஞ்சம் ஊத்துங்க அக்கா" என்று நாலு பேர் பதில் சொல்வது நோட்டில் நடக்காது.

வீடியோ

கீழக்கரைத் தொதல்தான் வீடியோவின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டும். மாவும் தேங்காய்ப்பாலும் சீனியோ கருப்பட்டியோ சேர்த்து, அடி பிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டுவது. இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதன் உறவுக்காரப் பலகாரங்கள் இருக்கின்றன, கப்பலோட்டிய ஊருக்கு அது பொருத்தமும்தான். இதில் பொருட்கள் குறைவு, அளவும் எளிது. சிரமம் முழுக்க, எப்போது நிறுத்துவது என்பதில் இருக்கிறது. முதலில் கூழாக இருக்கும். பிறகு இறுகும். பிறகு உறிஞ்சிய எண்ணெயைத் திரும்ப வெளியே விடும். பிறகு சட்டியின் ஓரத்தை விட்டு ஒரே உருண்டையாகச் சுருண்டு வரும். இரண்டாவது கட்டத்தில் இறக்கினால் களி, கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் ரப்பர். இதை எழுத்தில் சொன்னால் படிப்பவருக்குக் கட்டங்கள் குழம்பும். கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும்.

அதே வீடியோ ஒரு பொய்யும் சொல்லிவிடுகிறது. மணிக்கணக்கான வேலையை நாலு நிமிடமாக வெட்டிவிடுவதால், பார்ப்பவர் இரவு எட்டு மணிக்குத் தொதல் கிண்ட உட்கார்ந்துவிடுவார். வீடியோ எடுத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் கடிகாரத்தையோ நேரத்தையோ காட்டுங்கள். பின்னால் பாட்டுப் போடாதீர்கள். தாளிப்புப் பொரியும் சத்தமும், குழம்பு நீர்த்துக் கொதிப்பதற்கும் கெட்டியாகிக் கொதிப்பதற்கும் உள்ள சத்த வித்தியாசமும் சமைக்கிறவருக்குப் பாடம். கைப்பேசி கேமரா சிவப்பை ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒவ்வொரு விதமாகக் காட்டும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள்; ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் எடுப்பது கொஞ்சம் உதவும்.

முகம் காட்ட விரும்பாத பெண்கள் இந்தக் கடற்கரையில் நிறையப் பேர். வீட்டு உட்புறம் தெரிய வேண்டாம் என்பவர்களும் உண்டு. கையும் சட்டியும் மட்டும் தெரிந்தால் போதும். யாரையும் இதற்காக வற்புறுத்தக் கூடாது.

எனக்குத் தோன்றுவது, முழுப் பக்குவத்தையும் வீடியோ ஆக்க வேண்டியதில்லை. எழுத்துக் குறிப்போடு, எந்த இடம் எழுத்துக்கு அடங்கவில்லையோ அந்த இடத்துக்கு மட்டும் அரை நிமிடத் துண்டு போதும். கணவாயின் மைப் பையை உடைக்காமல் எப்படி எடுப்பது, நண்டை எங்கே பிளப்பது, திருக்கைத் தோலை எப்படி உரிப்பது, சீப்புப் பணியத்தைச் சீப்பில் அழுத்திச் சுருட்டும் விதம்: இவையெல்லாம் பத்து வரி எழுதியும் விளங்காது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பம் போன்றதற்குத் துண்டு கூட வேண்டாம். தீ அதிகமானால் முட்டை சட்டென்று இறுகி உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும், மெல்லிய தீயில் அவிக்க வேண்டும் என்ற ஒரு வரி போதும்.

பக்கத்தில் நின்று

சில பக்குவங்கள் கைக்குள்தான் இருக்கின்றன. இடியாப்பத்துக்கு மாவு பிசையும்போது வெந்நீர் போதுமா என்று விரலுக்குத்தான் தெரியும். அரிசி பழசா புதுசா, மாவு வறுத்தது எவ்வளவு, அரைத்தது எவ்வளவு நைஸ் என்பதைப் பொறுத்துத் தண்ணீர் மாறும். எந்த எடையும் அதைத் துல்லியமாகப் பிடிக்காது. ஓட்டுமாவு என்ற பலகார மாவை வறுக்கும்போது கரண்டி கனமாக ஓடுவது திடீரென்று இலேசாகும், அதுவும் அப்படித்தான். இதற்கெல்லாம் நேரில் நிற்பதைத் தவிர வழி கிடையாது. செலவும் இதில்தான் அதிகம். இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாய்க்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒருவர் இருவருக்குத்தான் சொல்லித் தர முடியும். தொண்டியில் இருப்பவர் ஏர்வாடிக்கு வந்து பழகிப் போவதென்றால் ஒரு முழு நாள்.

அந்த நாளை வீணாக்காமல் இருக்க ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலும் தெரிந்தவர் சமைப்பார், தெரியாதவர் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுப்பார். வீட்டுக்குப் போனதும் எல்லாம் மறந்துபோகும். இதைத் திருப்பிப் போடுங்கள். தெரிந்தவர் ஸ்டூலில் உட்காரட்டும், கற்றுக்கொள்கிறவர் சமைக்கட்டும். தெரிந்தவர் ஒரு கைப்பிடி அள்ளினால் அது நேராகச் சட்டிக்குள் போகக் கூடாது, முதலில் சமையல் தராசுக்குப் போக வேண்டும். எடையைக் குறித்துக்கொண்ட பிறகு சட்டியில் போடுங்கள். உப்பு டப்பாவைச் சமைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால், ருசி பார்த்துப் பார்த்துச் சேர்த்த உப்பும் கணக்கில் வந்துவிடும். ராத்தா (பாய் வீட்டு அக்கா) ஒருவர் "மீனாணத்துக்கு அளவெல்லாம் கிடையாதும்மா" என்பார்; மீனாணம் என்பது மீன் குழம்பு. அவர் கை எப்போது அள்ளினாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வருகிறது என்பதைத் தராசு அவருக்கே காட்டிவிடும்.

நேரில் பழகியதை அன்றைக்கே எழுத்தில் மாற்றிவிட வேண்டும். இப்படிக் கிடைக்கும் குறிப்புக்கு மற்ற எந்த வழியில் வந்த குறிப்பும் ஈடாகாது.

இன்னொரு அடுப்பில் வைத்துப் பார்ப்பது

இனி எந்த வழியில் கொடுத்தாலும் முதல் ஆளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். சமையலில் கைதேர்ந்தவர் வேண்டாம், அவர் நம் குறிப்பில் உள்ள ஓட்டைகளைத் தன் அனுபவத்தால் அடைத்துவிடுவார். நமக்குத் தெரியவே வராது. ஓரளவு சமைக்கத் தெரிந்த, வேறு ஊரில் இருக்கும், காஸ் அடுப்பும் சாதாரணப் பாத்திரமும் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். அவர் சமைக்கும்போது போன் பண்ணிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விட்டுப்போன ஒரு வரி. அதைச் சேர்த்துவிட்டு இன்னொருவரிடம் கொடுங்கள். கேள்வி வராமல் ஒருவர் சமைத்து முடித்தால், அப்போது ஊருக்கெல்லாம் கொடுக்கலாம்.

அச்சடித்துச் சின்னப் புத்தகமாகப் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். இந்தப் படி முடிந்த பிறகு செய்யலாம். அதற்கு முன்னால் அச்சில் போனால் தவறும் சேர்ந்தே போகும்.

பாதுகாப்புக்கான வரிகளையும் இந்தக் கட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். குடும்பத்துக்குள் "நல்ல மீன் வாங்கு" என்றால் போதும், வெளியே போகும் குறிப்புக்குப் போதாது. சூரை, அயிலை, சூடை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது சமைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தடித்துவிடும். திருக்கையிலும் சுறாவிலும் சதைக்குள்ளேயே யூரியா இருக்கிறது, நேரமாக ஆக அது அம்மோனியாவாக மாறி நெடியடிக்கும். நெடி கிளம்பிய திருக்கையை மசாலா போட்டு மறைக்கக் கூடாது, வாங்கவே கூடாது என்று குறிப்பிலேயே எழுதுங்கள். பேத்தை மீனின் விஷத்தைப் பற்றி இங்கே குழந்தைக்கும் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

பழைய நோட்டுகளிலும் பெரியவர்கள் பேச்சிலும் கடலாமைக் கறி, ஆவுளியாக் (கடற்பசு) கறி வருவதுண்டு. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, பிடிப்பதும் உண்பதும் குற்றம். அந்தப் பக்குவங்களைப் பரப்பக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. எப்படி வாழ்ந்தார்கள் என்ற நினைவாக அது குடும்பத்துக்குள் இருக்கட்டும், சமைக்கும் குறிப்பாக வெளியே போக வேண்டாம்.

யாருடையது

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். மாமியாரின் பக்குவத்தை மருமகள் கொடுக்கிறாள் என்றால் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. குறிப்பின் தலையில் "நம்புதாளைச் சித்தி வீட்டுப் பக்குவம்" என்று போடுவதற்கு ஒரு வரிதான் ஆகும். யாரிடம் வாங்கினோம் என்பது அடுத்தவருக்குப் போகும்போதும் கூடவே போக வேண்டும். நாம் ஏதாவது மாற்றியிருந்தால் எதை மாற்றினோம் என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாம் செய்த மாற்றம் அந்தச் சித்தி பெயரில் ஊர் சுற்றும்.

கீழக்கரையில் தொதல் கிண்டி விற்றுப் பிழைக்கும் வீடுகள் இருக்கின்றன. மசாலாப் பொடி, கருவாடு, கருப்பட்டிப் பலகாரம் என்று கடற்கரை நெடுகப் பெண்கள் கைவேலையாக நடத்தும் சின்னத் தொழில்கள் இருக்கின்றன. அவர்கள் நம்பி நம்மிடம் சொன்ன அளவு, நம் வழியாக வெளியே போகக் கூடாது. பொதுவாக எல்லா வீட்டிலும் செய்கிற தொதலை நம் கையளவில் எழுதிக் கொடுக்கலாம். ஒருவரின் வியாபாரத்துக்கு உரிய அந்தத் தனி அளவை, அவரே சம்மதித்தால் ஒழிய, எழுதவும் வேண்டாம், படம் பிடிக்கவும் வேண்டாம். அந்த மாதிரி ஒன்றை யாராவது என்னிடம் கேட்டால், அது கிடைக்கும் வீட்டுக்கு வழி சொல்லி, வாங்கிச் சாப்பிடச் சொல்கிறேன்.